நிழலில் நாட்டைக் கண்டவர்!

‘சினிமாதானே!’ என்று ஒதுக்கிவிட்டு நடப்போர் உண்டு. படித்த பெருமகனுக்கு அது பாமரன் கூத்து. பணமூட்டைக்கு அது காசு காய்க்கும் மரம். உழைத்துக் களைத்த தோழனுக்கோ அது இரண்டு மூன்று மணி நேர இளைப்பாறல். இந்த மூவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. பொழுது போகிறது, சரி. போகிற பொழுதோடு நமது உள்ளத்திலே புகுந்து குடியேறுவது என்ன?

இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டார். ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் கேட்டார். அந்த நாற்பது ஆண்டுக்குள் அவர் பிறந்த நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. எழுதிப் பழகிய மொழியை விட நேர்ந்தது. பெற்ற தாயைக் கொலைகாரர் கையிலே பறிகொடுக்க நேர்ந்தது. கேள்வியை மட்டும் அவர் விடவில்லை.

சீக்பிரீட் கிராக்கவர் என்பது அவர் பெயர். ஜெர்மன் நாட்டார், யூதக் குடும்பத்தினர். திரைப்பட ஆராய்ச்சி என்றாலே உலகெங்கும் அறிஞர்கள் எடுத்துரைக்கும் பெயர்களில் ஒன்று. ஆனால் நாம் அவரைப் பற்றி எழுதுவது அறிஞர் சபையில் அவருக்கிருக்கும் இடத்துக்காக அல்ல. அவர் திரையை மட்டும் பார்த்தவரல்லர். திரைக்கு எதிரே, கொட்டகை இருட்டிலே, வேலை முடித்துவந்து அமர்ந்திருந்தார்களே சாதாரண மக்கள், அவர்களையும் பார்த்தவர். ஆகவே அவருடைய கதை நம் தோழர்கள் அறியவேண்டிய கதை.

1889ம் ஆண்டு பிப்ரவரி 8ந் தேதி, பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தகப்பனார் ஊர் ஊராகச் சென்று துணி வியாபாரத்துக்கு ஆர்டர் பிடித்தவர். பெரிய செல்வமில்லை. யூதப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்த சிற்றப்பாவும் சிற்றன்னையும் பிள்ளையை வளர்ப்பதிலே பங்கு கொண்டனர். அந்தச் சிற்றப்பா, பிராங்க்பர்ட் நகர யூதர்களின் வரலாற்றை எழுதிய அறிஞர். பிள்ளை கற்றதோ கட்டடக்கலை. பட்டத்துக்காக அவர் செய்த ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? பழைய பெர்லின் வட்டாரத்துக் கொல்லர்கள் அடித்து வளைத்த இரும்பு வேலைப்பாட்டைப் பற்றி!

கட்டடம் கட்டப் படித்தவர் சில ஆண்டுகள் அந்தத் தொழிலையும் செய்தார். மனம் அதிலே ஒட்டவில்லை. 1921ல் ‘பிராங்க்பர்ட்டர் சைட்டுங்’ என்ற புகழ்பெற்ற நாளேட்டிலே எழுத்தாளரானார். அவருக்குத் திக்குவாய். மேடையேறி முழங்க முடியாது. வகுப்பிலே நின்று பாடம் நடத்துவதும் எளிதல்ல. பேனாதான் அவருடைய நா.

மற்ற ஆசிரியர்கள் பெரிய கவிஞர்களையும் பெரிய நாடகங்களையும் பற்றி எழுதிக்கொண்டிருக்க, இவர் எதைப் பற்றி எழுதினார்? தெருவைப் பற்றி எழுதினார். ஓட்டல் முன்கூடத்தைப் பற்றி எழுதினார். வேலையற்றோர் பெயர் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்கும் கூடத்தைப் பற்றி எழுதினார் — அந்த இடத்தின் பெஞ்சும் சுவரும் அங்கே ஒட்டியிருக்கும் அறிவிப்பும், அரசாங்க அறிக்கை மறைப்பதையெல்லாம் சொல்லிவிடும் என்று காட்டினார். பிறகு சினிமாவைப் பற்றி எழுதினார். அற்பம் என்று மேதாவிகள் தள்ளியதையெல்லாம் பொறுக்கி எடுத்தார். ஒரு காலம் தன்னைப் பற்றிப் பேசும் பெரிய பேச்சைக் காட்டிலும், அது கவனிக்காமல் விட்டுவிடும் சிறிய பொருள்களே அதன் உண்மையைச் சொல்லும் என்பது அவர் கொள்கை.

பிற்காலத்தில் உலகறிந்த தத்துவ அறிஞராக விளங்கிய தியோடோர் அடோர்னோ, பள்ளி மாணவனாயிருந்தபோது சனிக்கிழமைப் பிற்பகல்களில் இவரிடம் அமர்ந்துதான் காண்ட் என்ற ஞானியின் நூலைப் படித்தார். தமது கல்லூரி ஆசிரியர்களிடம் கற்றதைவிட இவரிடம் கற்றது அதிகம் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

1927ல், சின்னக் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் சினிமா பார்க்கப் போவதைத் தலைப்பாக வைத்து, தமது ஏட்டிலே தொடர் ஒன்று எழுதினார் கிராக்கவர். அக்காலப் படக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஏழைப் பெண் எதிர்பாராமல் சீமானை மணக்கிறாள். முதலாளி மனம் இளகித் தானம் செய்கிறார். கலகக்காரன் கடைசியில் திருந்துகிறான். போர்க்களம் வீரமும் காதலுமாக மின்னுகிறது. ‘இவையெல்லாம் மடத்தனம்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் அப்படிப் போகவில்லை. கதை எவ்வளவுக்கெவ்வளவு நடக்க முடியாததோ, அவ்வளவுக்கவ்வளவு அதிலே சமுதாயம் தன் அந்தரங்கத்தைச் சொல்லிவிடுகிறது என்றார். பாத்திரம் கழுவும் பெண் கார் வைத்திருக்கும் கனவானை மணப்பது அவளுடைய கனவு மட்டுமா? ‘ஏழைகள் எல்லாரும் என்னைப்போல் ஆகத்தான் ஏங்குகிறார்கள், என்னை ஒழிக்க அல்ல’ என்று அந்தக் கனவான் காணும் கனவும் அதுதானே! எவ்வளவு கூரிய பார்வை, பாருங்கள்!

இங்கே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தொடரின் தலைப்பிலும் தொனியிலும், கண்ணீர் துடைக்கும் அந்தக் கடைப் பெண்கள்பால் ஓர் ஏளனம் இழையோடுகிறது. பிற்காலத்துப் பெண் ஆய்வாளர்கள் அதைச் சுட்டிக் கண்டித்தனர். சரியான கண்டனமே! ஏமாறுவது பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்த தலைவிதியா? கொட்டகையில் ஆண்மகனும்தானே அமர்ந்திருந்தான்?

அதே ஆண்டில் இன்னொரு கட்டுரை. டில்லர் பெண்கள் என்ற நடனக் குழு அன்று ஐரோப்பாவெங்கும் கொடிகட்டிப் பறந்தது. வரிசையாகப் பல பெண்கள். ஒரே உயரம், ஒரே உடை, ஒரே நொடியில் தூக்கும் கால்கள். கூட்டம் கைதட்டிற்று. கிராக்கவர் யோசித்தார். இந்தக் கால் வரிசையை எங்கே பார்த்திருக்கிறோம்? ஆலையிலே! அங்கே யந்திரத்தின் முன் வரிசையாக அசையும் கைகள். கையின் சொந்தக்காரன் யார், அவனுக்குப் பசியா, பிணியா என்பது யந்திரத்துக்கு வேண்டாம்; அசைவு மட்டும் போதும். மேடைக்கும் அசைவு மட்டும் போதும். பகலில் தன் கையை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்ட முறையையே மாலையில் காசு கொடுத்து வேடிக்கை பார்க்கிறான் உழைப்பாளி! இந்த உண்மையைக் காண அவருக்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. இரண்டு கண்களும், சிறு பொருளை மதிக்கும் மனமும் போதுமானதாயிருந்தன.

அடுத்து அவர் செய்த காரியம்தான் மிகப் பெரிது என்பது நம் கருத்து. 1929ல் பெர்லின் நகருக்குச் சென்று குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், தட்டெழுத்துப் பெண்கள் ஆகியோரிடையே நடமாடினார். பேசினார், பேசவைத்தார், கேட்டார். அப்போது ஜெர்மனியிலே அத்தகைய சம்பளக்காரர்கள் 35 இலட்சம் பேர்; அவர்களில் 12 இலட்சம் பேர் பெண்கள். அவர்களைப் பற்றி ஏட்டிலே தொடராக எழுதி, 1930ல் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? சம்பளம் தொழிலாளியின் கூலிக்குப் பக்கத்திலே. நினைப்பு மட்டும் முதலாளியின் மாடிக்குப் பக்கத்திலே! வேலையில் தொழிலாளியைப் போலவே யந்திரத்தின் வேகத்துக்கு ஓடவேண்டும். தொழிலாளியைப் போலவே ஒரே நாளில் வெளியே தள்ளப்படலாம். ஆனாலும் ‘நான் தொழிலாளி அல்ல’ என்ற ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டை! தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கொள்கை இருந்தது, தன் வர்க்கம் என்றொரு வீடு இருந்தது. இவர்களுக்கோ பழைய நம்பிக்கைகள் இடிந்துபோயின. புதிய நம்பிக்கை வந்து சேரவில்லை. உள்ளத்தளவில் வீடற்றவர்கள் என்றார் கிராக்கவர்.

வீடற்றவர்கள் மாலையில் எங்கே போவார்கள்? பெர்லினில் பொட்ஸ்டாம் சதுக்கத்திலே ஒரு பெரிய கேளிக்கை மாளிகை இருந்தது. அதன் பெயரே ‘தந்தையர் நாடு’ என்பதாகும். ஓர் அறை துருக்கியக் காபிக்கடை போல. ஓர் அறை அமெரிக்கக் காட்டுப்புற மதுக்கடை போல. இன்னோர் இடத்தில் ரைன் நதிக்கரை, அதிலே செயற்கையாக இடி, மின்னல், மழை! நாளெல்லாம் கணக்குப் புத்தகத்தில் குனிந்திருந்தவன் ஒரு கோப்பை பானத்தின் விலையில் உலகம் சுற்றி வரலாம். மறுநாள் காலை அதே நாற்காலி, அதே கணக்கு, அதே அச்சம். அந்த மாளிகையையும் சினிமா அரங்குகளையும் ஒளிவீசும் புகலிடங்களாகக் கண்டார் அவர். அந்த ஒளியிலே தன் நிலையை மறக்கலாம், மாற்ற முடியாது.

இந்த எழுத்து அச்சேறியபோது ஜெர்மன் பாராளுமன்றத்தில் ஹிட்லர் கட்சிக்கு இருந்த இடங்கள் 12. 1930 செப்டம்பர்த் தேர்தலில் அது 107 ஆயிற்று! 1932 ஜூலையில் 230! ‘ஹிட்லர் வருவான்’ என்று கிராக்கவர் ஜோசியம் கூறவில்லை. ‘இங்கே கூரையில்லாமல் இலட்சக்கணக்கானோர் நிற்கிறார்கள்’ என்று மட்டும் சொன்னார். கூரை தருகிறேன் என்று கொலைகாரன் வந்து நின்றபோது அவர்களில் பலர் அவன் பின்னே போனார்கள். எச்சரிக்கை காலத்தோடு வந்தது, கேட்பார் இல்லை. வால்டர் பெஞ்சமின் என்ற மற்றோர் அறிஞர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, விடியற்காலையிலே தெருவில் தன்னந்தனியே கந்தல் பொறுக்கும் ஒருவனுக்கு இவரை ஒப்பிட்டார். இகழ்ச்சியாக அல்ல, பாராட்டாக!

1933 பிப்ரவரி 27ந் தேதி இரவு ஜெர்மன் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே கிராக்கவரும் துணைவியார் லில்லியும் பாரிசுக்குப் புறப்பட்டுவிட்டனர். பன்னிரண்டு ஆண்டு உழைத்த நாளேடும் அந்த ஆண்டிலேயே அவரைக் கைகழுவிற்று. பிரான்சில் எட்டு ஆண்டு வறுமை. 1939ல் போர் மூண்டதும் பிரெஞ்சு அரசு அவரை முகாமிலே அடைத்தது — ஜெர்மானியர் என்பதற்காக! ஜெர்மனி விரட்டியது யூதர் என்பதற்காக. பிரான்சு அடைத்தது ஜெர்மானியர் என்பதற்காக! விடுதலையாகி, 1940ல் மார்செய்ல் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தார். அங்கேதான் பெஞ்சமினும் இருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையிலே பெஞ்சமின் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கிராக்கவர் தம்பதிகள் லிஸ்பன் வழியாகத் தப்பி, 1941 ஏப்ரலில் நியூயார்க் போய்ச் சேர்ந்தனர். அவருக்கு அப்போது வயது 52. ஐம்பதைத் தாண்டியவர், ஆங்கிலத்தில் எழுதப் பழகி, வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்!

நவீனக் கலைக் காட்சிசாலையின் படச் சேமிப்பகத்திலே உதவிப் பணி கிடைத்தது. அங்கே நாஜிகளின் போர்ப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, 1942ல் அறிக்கை தந்தார். நாட்டுப் படங்களின்மீது அம்புகள் பாய்கின்றன, இசை முழங்குகிறது, படை நகர்கிறது, ஆனால் சாவு மட்டும் காட்டப்படுவதில்லை! வெற்றி உண்டு, பிணம் இல்லை. பொய் சொல்வதற்குப் பொய்யைக் காட்டவேண்டுமென்பதில்லை. உண்மையில் பாதியை வெட்டியெடுத்தாலே போதும்.

1947ல் அவருடைய பெருநூல் வெளிவந்தது: ‘கலிகரியிலிருந்து ஹிட்லர் வரை.’ கலிகரி என்பது 1920ல் வந்த ஜெர்மன் படத்தின் பாத்திரம். சந்தையிலே வித்தை காட்டும் டாக்டர் கலிகரி, தூக்கத்தில் நடக்கும் ஒருவனைத் தன் வசப்படுத்தி, இரவிலே ஏவிக் கொலை செய்விக்கிறான். துப்புத் துலங்கினால், அவன் பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் தலைவன்! அதிகார பீடத்திலே இருப்பவன்தான் கொலைகாரன்; அறிவை இழந்து அவன் சொன்னபடி கொல்பவன் சாதாரண மனிதன் என்று கதை பேசுகிறது. ஆனால் படமாக வந்தபோது கதைக்கு வெளியே ஒரு சட்டம் மாட்டப்பட்டது. இதையெல்லாம் சொன்னவனே பைத்தியம். தலைவரோ நோயாளியைக் குணப்படுத்தும் நல்ல மருத்துவர்! குற்றம் சாட்டியவன் கூண்டிலே, குற்றவாளி நாற்காலியிலே! எதிர்ப்பாகப் பிறந்த கதை, பணிவாக மாற்றப்பட்டது என்றார் கிராக்கவர்.

கலிகரிக்குப் பின் எத்தனை கொடுங்கோலர் திரையிலே! இரத்தம் குடிக்கும் நோஸ்பெராட்டு, ஊரையே மயக்கும் டாக்டர் மபூஸ்... கொடுங்கோல் அல்லது குழப்பம், இரண்டில் ஒன்றுதான் கதி என்று அந்த நாட்டின் மனம் மருண்டிருந்ததற்கு இப்படங்கள் சாட்சி என்று வாதிட்டார். பின்னர் பிரெடரிக் மன்னரின் பெருமை பாடும் படங்கள் வரிசையாக வந்தன: முரட்டு மன்னர், ஆனால் தந்தையைப் போன்றவர்; கீழ்ப்படிந்தவன் வாழ்வான் என்ற பாடம்!

இவற்றுக்கெல்லாம் பணம் போட்டது யார்? ஊபா என்ற மாபெரும் படக் கம்பெனி, 1917ல், முதல் உலகப் போரின் நடுவிலே, தளபதி லூடன்டார்ப் கொடுத்த தூண்டுதலில் உருவானது. 1927ல் அது பத்திரிகை முதலாளி ஹுகன்பர்க் கைக்குப் போயிற்று. அதே ஹுகன்பர்க் 1933ல் ஹிட்லரின் முதல் மந்திரிசபையிலே மந்திரியாக அமர்ந்தார்! அச்சு யந்திரமும் கேமராவும் ஒரே கையில். அந்தக் கை யாரோடு குலுக்கிற்று, கண்டீர்களா?

‘நடந்து முடிந்த பிறகு எல்லாம் தெரிந்தது போலப் பேசுகிறார், தமக்குத் தோதான படங்களைப் பொறுக்கிக்கொண்டார்’ என்று அறிஞர்கள் சிலர் அவரைக் குறை கூறினர். அதிலே உண்மையும் உண்டு. கலிகரியாக நடித்த வெர்னர் கிராஸ் வைத்திருந்த திரைக்கதைப் பிரதி பின்னர் கிடைத்தது. அதிலேயே வேறு விதமான ஒரு வெளிக்கதை இருந்தது தெரியவந்தது. ஆகவே கிராக்கவர் சொன்ன வரலாறு முழுவதும் சரியல்ல. திரைப்படம் ஹிட்லரைப் பெற்றெடுக்கவும் இல்லை. 1932ல் அறுபது இலட்சம் பேர் வேலையின்றித் தவித்தார்களே, அந்தப் பட்டினிக்கும், பெருமுதலாளிகளின் பணப்பைக்கும் பங்கில்லையா? உண்டு, பெரும் பங்குண்டு! ஆனால், நடந்து முடிந்தபின் பேசினார் என்ற குற்றச்சாட்டை நாம் ஏற்கமாட்டோம். 1927ல் எழுதியவர் யார்? 1929ல் பெர்லின் தெருக்களில் நடந்து, 1930ல் புத்தகம் போட்டவர் யார்? தீ பரவுமுன் புகையைக் காட்டியவரைப் பார்த்து, எரிந்த பிறகு வந்தாய் என்பது முறையா?

அந்த நூலிலே நம் மனத்தைத் தைத்த இடம் ஒன்றுண்டு. 1931ல் பாப்ஸ்ட் என்ற இயக்குநர் ‘தோழமை’ என்ற பொருளில் ஒரு படம் எடுத்தார். 1906ல் பிரான்சிலே கூரியேர் சுரங்கத்தில் வெடி விபத்து. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அப்போது ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர் எல்லை தாண்டி வந்து மீட்புக்கு உதவினர். அந்த உண்மையை வைத்துப் பின்னிய கதை அது. பூமிக்கடியில் இரு நாட்டையும் பிரிக்கும் இரும்புக் கம்பிகளை உடைத்துக்கொண்டு உழைப்பாளி உழைப்பாளியைத் தேடி ஓடுகிறான். விமர்சகர்கள் புகழ்ந்தனர். ஆனால் பெர்லினில், தொழிலாளர் வாழும் நாய்கோல்ன் பகுதியில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் அந்தப் படம் ஓடிற்று; சில நாள் கழித்து அதே கொட்டகையில் ஒரு சிரிப்புப் படத்துக்குக் கூட்டம் அலைமோதிற்று என்று எழுதுகிறார் கிராக்கவர். நமக்காக எடுத்த படத்துக்கு நாம் போகவில்லை! சிரிக்க விரும்பியது குற்றமா? இல்லை, களைத்தவனுக்குச் சிரிப்பு வேண்டும். ஆனால் அந்தக் காலி நாற்காலிகளை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இனி, சொல்லக் கூசும் செய்தி. தாய் ரோசட்டையும் வளர்த்த சிற்றன்னை ஹெட்விக்கையும் பிராங்க்பர்ட்டிலிருந்து வெளியே எடுக்க அவர் முயன்றார். முடியவில்லை. 1942 ஆகஸ்டில் அந்த இரு மூதாட்டியரும் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். திரும்பவில்லை. நாஜிப் படங்களிலே சாவு மறைக்கப்படுகிறது என்று மகன் நியூயார்க்கில் எழுதிய அதே ஆண்டு!

1960ல் அவர் வெளியிட்ட திரைப்படக் கோட்பாட்டு நூலிலே ஒரு பழைய கிரேக்கக் கதையை எடுத்தாளுகிறார். மெடூசா என்ற அரக்கியின் முகத்தை நேரே பார்த்தவன் கல்லாய்ச் சமைந்துவிடுவான். வீரன் ஒருவன் பளபளக்கும் கேடயத்திலே அவளுடைய பிம்பத்தை மட்டும் பார்த்து, தலையை வெட்டினான். திரைதான் நமது கேடயம் என்கிறார் கிராக்கவர். நேரே பார்க்கத் தாங்காத கொடுமையை, நாஜி முகாம்களின் கொடுமையை, திரையிலே பார்க்கிறோம். பார்த்து, மறவாமல் நெஞ்சில் இருத்துகிறோம். தாயை முகாமிலே இழந்த மகன் எழுதிய வரி அது என்று எண்ணிப் பாருங்கள். திரையின் மயக்கத்தை வாழ்நாளெல்லாம் எச்சரித்தவர், திரையை வெறுக்கவில்லை. தெருவை, தூசியை, கூட்டத்தை, ஒரு கிழவியின் முகத்தை, நாம் தினமும் பார்த்தும் பாராத உலகத்தை நமக்குத் திருப்பித் தரும் ஆற்றல் கேமராவுக்கு உண்டு என்று நம்பினார்.

நிரந்தரமான பேராசிரியர் பதவி எதிலும் அவர் அமர்ந்ததில்லை. 1966 நவம்பர் 26ந் தேதி நியூயார்க்கில் மறைந்தார். வரலாறு பற்றி எழுதிக்கொண்டிருந்த நூல் முடியாமலே நின்று, 1969ல் வெளியாயிற்று.

தோழர்களே! இன்று கொட்டகை நம் சட்டைப் பைக்கே வந்துவிட்டது. கைப்பேசியை எடுத்தால் படம், வைத்தால் படம். பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை; கிராக்கவரும் சொன்னாரில்லை. பார்த்து முடித்தபின், வீட்டுக்கு நடக்கும் வழியிலே நாலு கேள்வி கேட்போம். இதற்குப் பணம் போட்டது யார்? யாரை வணங்கச் சொன்னார்கள்? யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள்? நம்மைப் போன்றவன் அந்தக் கதையிலே எங்கே இருந்தான் — பெயரோடு இருந்தானா, கூட்டத்தில் ஒரு கையாக, ஒரு காலாக மட்டும் இருந்தானா?

பக்கத்தில் நடந்து வருபவனிடமும் கேட்போம். ஜெர்மனியிலே அன்று ஒருவர் கேட்டார். கேட்டவர் தனியாக இருந்தார்.